மூன்றரைக் கட்டுக் குழந்தை

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் யார் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் நம் கொள்முதல் அதிகாரி அவனிடமும் விலைப்புள்ளி கேட்டிருப்பார். கூடவே வேறு இரண்டு பேரிடம் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்திருப்பார். அவசரப்பட்டு வட்டமாகச் செய்துவிட்டீர்களே, சதுரத்தைப் பரிசீலித்தீர்களா என்று ஒரு குறிப்பும் எழுதியிருப்பார். அப்படிப்பட்டவர் தன் மகளுக்குத் தள்ளுவண்டி தேர்ந்தெடுத்த வரலாறு, தகப்பன்மார் எல்லோரும் எழுந்து நின்று கேட்கத் தக்கது. உட்கார்ந்தும் கேட்கலாம். எப்படியும் அவர்கள் உட்கார்ந்துதான் இருப்பார்கள்.

குண்டூசி முதல் குளிரூட்டி வரை எதுவும் அவர் கையெழுத்து இல்லாமல் அந்த அலுவலகத்துக்குள் நுழைய முடியாது. போன வருடம் ஒரு ஸ்டேப்ளர் வாங்க அவர் எடுத்துக்கொண்ட காலத்தில், ஊழியர்கள் வீட்டிலிருந்து ஊசியும் நூலும் கொண்டுவந்து காகிதங்களைத் தைத்தார்கள். ஆனால் வாங்கிய பிறகு அந்த ஸ்டேப்ளரைப் பற்றி இன்றுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. அது அவருடைய அலமாரியில், பூட்டுக்குள், அட்டைப்பெட்டி பிரிக்காமல் பத்திரமாக இருக்கிறது.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. பிரசவ விடுப்பு முடியப்போகிற நேரத்தில், ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் பேச்சை எடுத்தாள்.

"என்னங்க, வர்ற மாசம் முதல் திங்கக்கிழமை நான் டியூட்டிக்குப் போகணும். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே காப்பகம் பாத்தாச்சு. பாப்பாவை எழுப்பறது, குளிப்பாட்டறது, ஊட்டறது, கொண்டுபோய் விடறது எல்லாம் நானே பாத்துக்கறேன். அவளுக்கு வண்டி வாங்கற வேலையை மட்டும் நீங்க பாத்துக்கங்க."

"தேவைகள் என்னென்ன?" என்றார் அதிகாரி. வீட்டிலும் அவர் அப்படித்தான் பேசுவார்.

"ஒண்ணே ஒண்ணுதான். பஸ்ல ஏறும்போது ஒரு கையால மடக்க வரணும். இன்னொரு கையில பாப்பா இருப்பா."

"குறிச்சுக்கிட்டேன்."

"விளையாட்டு இல்லைங்க. எனக்குப் பதிலா போட்டிருக்கிற பொண்ணு நல்லா வேலை செய்யறாளாம். நான் முதல் நாளே சொதப்பினா அவளையே வெச்சுக்குவாங்க. எனக்கு அந்த வேலை வேணும். எனக்குப் பிடிச்ச வேலை அது."

"கவலையை விடு," என்றார் அதிகாரி, தட்டிலேயே கையை உதறிவிட்டு. "நாளைக்கே குழு போட்டுடறேன்."

சொன்ன சொல் தவறாதவர். மறுநாளே மூவர் குழு அமைந்தது. தலைவர் அவரே. இரண்டாமவர் கணக்காளர். கல்யாணமாகாதவர், ஆகையால் நடுநிலையானவர். மூன்றாமவர் பாதுகாப்பு அலுவலர். 'ஈரத்தரை, கவனம்' என்ற பலகையைக் காய்ந்த தரையிலும் வைக்கும் அளவுக்கு முன்யோசனைக்காரர். இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய அனுபவமும் அவருக்கு இருந்தது.

"உங்க பசங்களுக்கு எந்த மாதிரி வண்டி வாங்கினீங்க?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

பாதுகாப்பு அலுவலர் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். "ஞாபகம் இல்ல சார். நான் பாக்கறப்பல்லாம் பசங்க தூங்கிக்கிட்டு இருப்பாங்க. எப்படியோ வளந்துட்டாங்க."

அந்த 'எப்படியோ' நிபுணர் கருத்தாகப் பதிவு செய்யப்பட்டது.

குழு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தது. சக்கரம் மூன்றா, நான்கா என்று ஒரு வாரம் விவாதம் நடந்தது. குழந்தையின் முகம் தள்ளுபவரைப் பார்க்க வேண்டுமா, உலகத்தைப் பார்க்க வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு முற்றி, கணக்காளரும் பாதுகாப்பு அலுவலரும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. வெயில் மறைப்பு, மழை உறை, அதிர்வுத் தாங்கி, கோப்பை வைக்கும் வளையம், செல்போன் மாட்டும் கொக்கி என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டார்கள். இதற்கிடையில் ஆவணங்களில் 'பயனாளி' என்று குறிப்பிடப்பட்ட குழந்தை, யாரையும் கலந்தாலோசிக்காமல் வளர்ந்துகொண்டே போனது. மனைவி ஆவணங்களில் 'இயக்குபவர்' என்று ஓரிடத்தில் வந்தாள். அதையும் பிழை என்று நினைத்துக் கணக்காளர் அடித்துவிட்டார்.

கடைசியில் ஒரு வண்டி கரையேறியது. மாதிரிக்கு ஒரு வண்டியைக் கடைக்காரர் அலுவலகத்துக்கே அனுப்பினார். களப் பரிசோதனை இரண்டாம் மாடி நடைபாதையில், மதிய உணவுக்குப் பிறகு, பளிங்குத் தரையில் நடந்தது.

பரிசோதனைக்கு உண்மையான குழந்தையைப் பயன்படுத்தப் பாதுகாப்பு அலுவலர் அனுமதி மறுத்தார். "ஏதாவது ஆச்சுன்னா யார் சார் பதில் சொல்றது?" ஆகவே குழந்தைக்குப் பதிலாக ஏ4 காகிதக் கட்டுகளை வைப்பது என்று முடிவாயிற்று. முதலில் மூன்று கட்டு போதும் என்றார்கள். பயனாளி இடையில் எடை கூடிவிட்டதாக அதிகாரி தெரிவிக்கவே, கணக்காளர் ஒரு கட்டைப் பிரித்துச் சரிபாதியாக எண்ணி, அரைக் கட்டு சேர்த்தார். மூன்றரைக் கட்டுக்கும் பெல்ட் மாட்டினார்கள்.

பரிசோதனை மகத்தான வெற்றி. நடைபாதையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை குழந்தை ஒரு முறைகூட அழவில்லை. முதுகை வில்லாக வளைக்கவில்லை. ஒரு காலணியைக் கழற்றி வீசவில்லை. திருப்பத்தில் கொஞ்சம் சரிந்தபோதும், 'ஊம்' என்று ஒரு சத்தம் இல்லை.

"சார், உங்க பொண்ணு ரொம்ப சமத்து," என்றார் கணக்காளர், உண்மையாகவே நெகிழ்ந்துபோய்.

அடுத்தது மடக்கும் பரிசோதனை. அந்த வண்டியின் தனிச்சிறப்பே அதில்தான் இருந்தது. தற்செயலாக மடங்கிவிடக் கூடாது என்பதற்காகக் கைப்பிடியின் இரண்டு கோடியிலும் இரண்டு சிவப்புப் பொத்தான்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, கீழே உள்ள கம்பியைக் காலால் தூக்க வேண்டும். பாதுகாப்பு அலுவலருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

வலக்கோடிப் பொத்தானை அதிகாரி அழுத்தினார். இடக்கோடிப் பொத்தானைக் கணக்காளர் அழுத்தினார். பாதுகாப்பு அலுவலர் கால் கொடுத்தார். வண்டி படாரென்று மடங்கியது.

"ஒரு கையாலதான் மடக்கணும்னு நிபந்தனை இருக்கே சார்?" என்று கணக்காளர் ஒரு சந்தேகம் கிளப்பினார்.

"நீங்க எத்தனை கை வெச்சீங்க?"

"ஒண்ணு."

"நான்?"

"ஒண்ணு சார்."

"அப்புறம் என்ன? ஆளுக்கு ஒரு கை. கால் பத்தி நிபந்தனையில ஒண்ணுமே இல்ல."

வண்டி ஏகமனதாகத் தேர்வாயிற்று.

அன்று மாலை மனைவி கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "மடக்கிப் பாத்தீங்களா?"

"நானே பாத்தேன். ஒரே கையால. ரெண்டு சாட்சி இருக்கு."

"அப்ப இன்னொரு கையில என்ன இருந்துச்சு?"

"டீ."

"டீ உதைக்குமாங்க?"

"ஒரு சொட்டுக்கூடச் சிந்தல," என்றார் அதிகாரி பெருமையுடன். அவள் இடுப்பில் இருந்த பயனாளி அந்த நேரம் பார்த்து அவர் மூக்குக்கண்ணாடியைப் பறித்து வாயில் வைத்துக்கொண்டாள். மனைவி அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பல நாள் கழித்து வேலைக்குப் போகிற படபடப்பு என்று அவர் அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டார்.

விநியோகத்தில் வழக்கமான தாமதம். சனிக்கிழமை வர வேண்டிய வண்டி ஞாயிறு இரவு, குழந்தை தூங்கிய பிறகு வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை காலை மனைவி துவைத்து மடித்த சீருடையில், தோளில் ஒரு பை, அதில் பால் புட்டி, மாற்றுத்துணி, கைக்கு அடங்காத நம்பிக்கை எல்லாவற்றோடும் கிளம்பினாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தைப் பார்த்து அதிகாரிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அலுவலகம் அவருக்கு நடை தூரம்தான். ஆனாலும் பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தார். வழியனுப்ப அல்ல. பயன்பாட்டு ஆய்வுக்கு.

பஸ் வந்து நின்றது. மனைவி குழந்தையைத் தூக்கி இடது கையில் வைத்துக்கொண்டு வலது கையால் கைப்பிடியைத் தடவினாள். ஒரு பொத்தான் அகப்பட்டது. மற்றது ஒரு முழம் தள்ளி இருந்தது. முழங்கையால் எட்டிப் பார்த்தாள். மோவாயால் அழுத்திப் பார்த்தாள். குழந்தை அதைத் தன்னைக் கொஞ்சுவதாக நினைத்து அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தது.

"என்னங்க, கொஞ்சம் பிடிங்களேன்!"

அதிகாரி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டியபடி இரண்டடி தள்ளி நின்றார். "நான் தொட்டா முடிவு மாறிடும்," என்றார். "ஆய்வாளர் தலையிடக் கூடாது. நீ இயல்பா செய்."

"ஏம்மா, ஏறப் போறியா இல்லையா?" என்று ஓட்டுநர் குரல் கொடுத்தார். அவள் இயல்பாகச் செய்துகொண்டிருந்தபோதே பஸ் போய்விட்டது.

அடுத்த பஸ் வர வெகுநேரம் ஆயிற்று. அதிகாரி இரண்டாம் பொத்தானின் இடம் பற்றி ஒரு பரிந்துரையை மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தார். பஸ் வந்து நின்றதும் மனைவி நேராக அவரிடம் வந்தாள். குழந்தையை அவர் இடது கையில் திணித்தாள். பையை அவர் தோளில் மாட்டினாள்.

"இப்ப மடக்குங்க," என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

அதன் பிறகு அந்த நிறுத்தத்தில் நடந்ததை விவரிப்பது ஒரு அதிகாரியின் கௌரவத்துக்கு நல்லதல்ல. மூன்றரைக் கட்டுக் காகிதத்துக்கும் குழந்தைக்கும் உள்ள வேறுபாடுகள் அவருக்கு ஒவ்வொன்றாகத் தெரியவந்தன என்று மட்டும் சொல்லலாம். கட்டு நெளியாது, கட்டு கண்ணாடியைப் பிடுங்காது, கட்டுக்கு அம்மா போன திசை தெரியாது. பஸ்கள் வந்தன, நின்றன, போயின. கடைசியில் அவர் தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் 'மாற்று ஏற்பாடு' செய்தார். காப்பகத்துக்குப் போகவில்லை. குழந்தையை வண்டியில் உட்காரவைத்து, அலுவலகத்துக்கே தள்ளிக்கொண்டு போனார். போய்ச் சேர்ந்தபோது உச்சிவேளை.

வாசலிலேயே பாதுகாப்பு அலுவலர் பார்த்துவிட்டார். "சார், நீங்களேவா? நீங்களே தள்ளிக்கிட்டா வந்தீங்க?"

செய்தி மாடி மாடியாகப் பரவியது. எல்லோரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார்கள். யாரோ கை தட்டினார்கள். அது தொற்றிக்கொண்டு நடைபாதை முழுவதும் கேட்டது. மேலாளர் அறையை விட்டே வெளியே வந்தார்.

"லேட்டா வந்ததுக்கு மன்னிக்கணும் சார்," என்றார் அதிகாரி.

"லேட்டா? இதுக்குப் பேரு லேட்டா?" மேலாளரின் குரல் தழுதழுத்தது. "இந்தக் காலத்துல எந்த அப்பா சார் இப்படி?"

கேக் வந்தது. அதிகாரியும் வண்டியும் குழந்தையுமாகப் படம் எடுத்து, 'முன்மாதிரித் தந்தை' என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ஒட்டுவதற்கு ஸ்டேப்ளர் கேட்டார்கள். அதிகாரி தரவில்லை. பயனாளியும் மூன்றரைக் கட்டும் முதன்முறையாக நேருக்கு நேர் சந்தித்துக்கொண்டது அன்றுதான். பயனாளி அரைக் கட்டைக் கிழித்துக் கால் கட்டாக்கினாள். அதையும் எல்லோரும் ரசித்தார்கள்.

மாலையில் மனைவி வீடு திரும்பியபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். கூடத்தின் நடுவே வண்டி மடங்காமல் நின்றது. அதிகாரி வாசலுக்கே ஓடிவந்து, நடந்ததை எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னார். கைதட்டல், மேலாளரின் தழுதழுப்பு, பலகையில் படம்.

"உனக்கும் ஒரு துண்டு கேக் எடுத்து வெச்சிருக்கேன்," என்றார்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உனக்கு எப்படிப் போச்சு?"

"மெமோ குடுத்தாங்க. இனிமே ஒரு தடவை ஆச்சுன்னா அந்தப் பொண்ணையே வெச்சுக்கறாங்களாம்."

"மெமோவா! முதல் நாளேவா? எதுக்கு?"

"லேட்டுக்கு."

அதிகாரிக்குப் பொறுக்கவில்லை. மனைவிக்கு ஒன்று என்றால் அவர் சும்மா இருக்கிறவர் அல்ல. "அதான், ஏன் லேட்டாச்சு? காரணத்தை எடுத்துச் சொல்லியிருக்கலாமே!"

அவள் கேக் துண்டை எடுத்து ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டாள்.

"என்னன்னு சொல்றதுங்க? பஸ் ஸ்டாப்புல ஒரு ஆளு ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு நின்னாரு. எங்கேயோ பாத்த முகமா இருந்துச்சு. யாரா இருக்கும்னு நான் யோசிச்சுக்கிட்டு நின்னதுல, பஸ் போயிடுச்சு."