மார்லிஸ் நீட்டிய கொசு மருந்து

கொசுக்களோடு கூட்டணி வைப்பதென்று வெர்லின் முடிவு செய்தார். ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கொசுவைத் திட்டாத மனிதன் கிடையாது. அங்கே ஒருவர் இப்படி ஒரு முடிவுக்கு வருகிறார் என்றால் அவர் எவ்வளவு நொந்துபோயிருக்க வேண்டும்.

காரணம் அவர் மனைவி மார்லிஸ். பள்ளி நூலக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, "இனிமே நானும் உன்கூட மீன் பிடிக்க வரேன்" என்று காபியைக் கலக்கிக்கொண்டே சொல்லிவிட்டாள்.

வெர்லினுக்குப் பகீரென்றது. ஏரியின் வடக்கு மூலையில், நாணல் ஓரம் படகை நிறுத்திவிட்டுச் சாயங்காலம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அவருக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒரே சுகம். மீன் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் ரொம்பச் சரி. கூரையை எப்போது பழுது பார்ப்பாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. வராதே என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஊரில் மனதில் இருப்பதை அப்படியெல்லாம் சொல்லிவிட மாட்டார்கள். "வாயேன், நல்லா இருக்கும்" என்றார்.

சொல்லிவிட்டுத் திட்டம் போட்டார். மார்லிஸின் கொசு மருந்து பாட்டிலைக் காலி செய்து, குழாய்த் தண்ணீரை நிரப்பி வைத்தார். ஒரே ஒரு சாயங்காலம் போதும். மீதியைக் கூட்டணிக் கட்சி பார்த்துக்கொள்ளும்.

மார்லிஸ் எதையும் முறையாகச் செய்கிறவள். துணிக்கென்றே விற்கிற மருந்தை முந்தின வாரமே சட்டையிலும் பேண்டிலும் அடித்து, வெளியே கொடியில் காயப் போட்டிருந்தாள். அதை உடம்பில் பூசக் கூடாது, துணிக்கு மட்டும்தான் என்று கணவனுக்குப் பாடமும் எடுத்தாள். அவள் பாடம் எடுக்கும்போதெல்லாம் வெர்லினுக்குக் காது அடைத்துக்கொள்ளும். அன்றும் அடைத்துக்கொண்டது.

முழுக்கைச் சட்டையும், காலுறைக்குள் செருகிய பேண்டுமாக அவள் படகில் ஏறினாள். வெர்லின் அரைக்கால் சட்டையில் இருந்தார். ஏரிக்குப் போய் மருந்து அடித்துக்கொள்வது அவர் பழக்கம்.

வெயில் இறங்கியதும் கூட்டணிக் கட்சி திரண்டு வந்தது. வெர்லின் தூண்டில் பெட்டியைத் திறந்தார். அவருடைய மருந்து பாட்டிலைக் காணோம்.

"என்ன தேடுற?"

"என் மருந்து. எடுத்து வச்ச ஞாபகம்."

"அதுக்கென்ன, என்னோடது இருக்கே. இந்தா."

"வேண்டாம், உனக்கு வேணும்."

"நான் வீட்டுலயே பூசிக்கிட்டேன். பிடி."

"பரவாயில்ல. என்னை அவ்வளவா கடிக்காது." இதைச் சொல்லும்போதே அவர் மூக்கில் ஒன்று உட்கார்ந்திருந்தது.

மார்லிஸ் மூன்றாவது முறையாக நீட்டினாள். அந்த ஊரில் எதைக் கொடுத்தாலும் இரண்டு முறை வேண்டாம் என்பது மரியாதை. மூன்றாவது முறையும் மறுத்தால் சண்டை என்று அர்த்தம். வெர்லின் வாங்கி அடித்துக்கொண்டார். ஜில்லென்று இருந்தது.

"அங்கங்க தெளிச்சா போதாது, நல்லாத் தேய். முகத்துல நேரா அடிக்காதே, உள்ளங்கையில எடுத்துப் பூசு. கண்ணுல பட்டுடப் போகுது."

குழாய்த் தண்ணீர் கண்ணில் பட்டுவிடாமல் வெர்லின் வெகு ஜாக்கிரதையாகப் பூசிக்கொண்டார்.

"எப்படி இருக்கு?"

"நல்ல மருந்து."

அதற்கப்புறம் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. கொசுவை அடிக்க முடியாது. அடித்தால் மருந்து வேலை செய்யவில்லை என்றாகும். ஏன் வேலை செய்யவில்லை என்ற கேள்வி வரும். முழங்காலிலும் கழுத்திலும் விருந்து நடக்க, அவர் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். மார்லிஸ் பக்கம் போன ஒன்றிரண்டும் அவள் சட்டையில் கால் வைத்ததுமே தடுமாறித் திரும்பி, நேராக இவரிடம் வந்தன. அவளோ நிம்மதியாக ஒரு மீனைப் பிடித்தாள். பிறகு அதைவிடப் பெரிதாக இன்னொன்று.

"ஏன் இப்படி நெளியுற? படகு ஆடுது பாரு."

வெர்லினால் அதற்கு மேல் முடியவில்லை. "மார்லிஸ், அதுல இருக்கறது தண்ணி."

"தெரியும். மருந்துன்னா ஒரு வாசனை வேண்டாமா? உன் பாட்டிலை எடுத்துத்தான் பூசிக்கிட்டேன். அது சமையலறை மேஜையிலயே இருக்கு."

வெர்லின் தலையைக் குனிந்துகொண்டார். "இங்க தனியா, அமைதியா உக்காந்திருக்கறது ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு. அது போயிடுமோன்னு பயந்துட்டேன்."

"அதை வாயால சொல்லியிருக்கலாமே."

"நம்ம ஊர்ல யாரு சொல்றா?"

மார்லிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் சோப்புப் போட்டு மருந்தைக் கழுவிக்கொண்டு, அவருடைய தடிப்புகளுக்குக் களிம்பு தடவினாள். மீனை வெண்ணெயில் வறுத்தார்கள். உள்ளதைச் சொன்னதில் வெர்லினுக்கு மனசு லேசாகிவிட்டது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"நீ சொன்னது சரிதான், வெர்லின்," என்றாள் மார்லிஸ் தட்டைக் கழுவிக்கொண்டே. "அந்த மூலையில தனியாத்தான் உக்காரணும். கூட ஆள் இருந்தா நல்லாவே இல்ல."

வெர்லினுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவளுக்கு மரியாதை செய்வது போல, மறுநாள் எல்லாவற்றையும் அவள் சொன்னபடியே செய்தார். முழுக்கைச் சட்டை. காலுறைக்குள் பேண்ட். முதலில் வெயில் களிம்பு, அது ஊறிய பிறகு கொசு மருந்து, காதுக்குப் பின்னால்கூட விடாமல். தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு படகுத் துறைக்கு நடந்தார்.

படகைக் காணோம். தூரத்தில், வடக்கு மூலையில், நாணல் ஓரமாக மார்லிஸ் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

வெர்லின் இருட்டும்வரை துறையிலேயே நின்றார். துணைக்கு ஒரு கொசுகூட வரவில்லை.