இருபத்துமூன்றாயிரம் அடி

அண்ணன் மகன் கல்யாணத்தில் இடுப்பெலும்பை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று ஏப்ரல் மாதமே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் கிர்கிஸ் விருந்துகளில் ஆட்டை அறுத்தால், யாருக்கு எந்த எலும்பு என்பது வயதுப்படி. பெரியவர்களுக்கு இடுப்பெலும்பு. இளவட்டங்களுக்குப் பெயர் தெரியாத எலும்பு. ஓர் ஆட்டுக்கு இடுப்பெலும்பு இரண்டுதான். முதல் தட்டில் ஒன்று என் அண்ணன் அசன்பெக்குக்குப் போகும். மூத்த ஆண்களை நாங்கள் மரியாதையாக 'பைக்கே' என்போம்; அவர் எல்லோருக்கும் பைக்கே. இன்னொன்று பதினொரு வருடமாகச் சித்தப்பாவுக்குப் போனது. சித்தப்பா சென்ற குளிர்காலத்தில் காலமானார். அழுதேன். உண்மையாகவே அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அடுத்தவன் நான்.

கல்யாணத்துக்குப் பதினான்கு நாள் இருக்கும்போது டாக்டர் குறுக்கே வந்தார்.

"சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், மூணும் ஏறியிருக்கு," என்றார். "ஏறாதது நீங்க மட்டும்தான். லிஃப்ட்ல வந்தீங்களா?"

என் மனைவி சைரகுல் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு கறுப்புக் கடிகாரத்தை என் மணிக்கட்டில் பூட்டினாள். கைதிக்கு விலங்கு பூட்டும் அதே முகம்.

"தினம் எட்டாயிரம் அடி நடக்கணும். கணக்கு என் போனுக்கு வந்துடும். ஒரு நாள் குறைஞ்சாலும் அசன்பெக் பைக்கேகிட்ட சொல்லிடுவேன். 'உங்க தம்பி நோயாளி, அவருக்குக் கறி வேண்டாம், முட்டைக்கோஸ் வைங்க'ன்னு."

"முதல் தட்டு முன்னாடி உட்கார்ந்து முட்டைக்கோஸா? நம்ம வம்சத்துலயே அப்படி யாரும் பண்ணினதில்ல, சைரகுல்!"

"உங்க அப்பா ஐம்பத்துநாலுல போனார். உங்களுக்கு ஐம்பத்துமூணு. அதுவும் நம்ம வம்சம்தான்."

பேச்சை மாற்றினேன். "இது எந்தச் சந்தையில வாங்கினது?"

"சந்தையா? குபாத் போன்ல போட்டான், மறுநாள் வாசலுக்கு வந்துடுச்சு."

குபாத் அவள் தம்பி. என்னைவிட இரண்டு வயது இளையவன். வீட்டுச் சோபாவில் படுத்தபடி போனிலேயே பொருள் விற்கிறான். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அத்தான், இன்னும் அஞ்சு வருஷத்துல உங்க சந்தை இருக்காது" என்பான். ஆறு வருடமாகச் சொல்கிறான்.

பிஷ்கெக்கில் கார் உதிரிபாகச் சந்தையில் எனக்குக் கடை. பழைய கப்பல் கன்டெய்னர்தான் கடை. முன்னால் ஒரு முக்காலி. முக்காலியில் நான். பதினெட்டு வருடமாக இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இருந்ததில்லை.

கடிகாரம் வந்த நாளிலிருந்து உட்கார முடியவில்லை. ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தால் வண்டு மாதிரி உறுமும். தேநீரை வாய்க்குக் கொண்டுபோனால் உறுமும். எழுந்தால் முழங்கால் கத்தும். உட்கார்ந்தால் மணிக்கட்டு கத்தும். நடுவில் நான்.

சந்தையில் விஷயம் பரவியது. எங்கள் சந்தையில் கடை வைத்திருப்பவர்கள் எல்லோரும் வைத்தியர்கள்.

"வளைக்கரடிக் கொழுப்பைக் காலைல ஒரு கரண்டி முழுங்குங்க," என்றார் டயர்க்காரர்.

"கொழுப்புக்குக் கொழுப்பா? யோவ், வெந்நீர் போதும். போன்ல ஒருத்தர் தெளிவா சொல்றாரு," என்றார் பேட்டரிக்காரர்.

"நான் ரொட்டியை விட்டுட்டேன்," என்றார் பிரேக்குக்காரர். அவர் கையில் கறி அடைத்துச் சுட்ட சம்சா இருந்தது. உள்ளே கறி இருப்பதால் அது ரொட்டியில் சேராதாம்.

முதல் நாள் நேர்மையாக நடந்தேன். நான் சந்தையின் ஒரு கோடியில் இருக்கும்போதெல்லாம் வாடிக்கையாளர் என் கடைக்கு வந்தார். மத்தியானம் வரை ஆயிரத்துத் தொள்ளாயிரம் அடி. விற்றது ஒரு ஸ்பார்க் பிளக்.

மத்தியானம் கிரீஸ் டப்பாவில் விழுந்த நட்டை எடுக்கக் கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்துக் கடைத் தொட்டிலில் மாட்டினேன். பக்கத்துக் கடை புருலுடையது. சீட் உறை விற்கிறாள். கைக்குழந்தை அய்தனாவை மரத்தொட்டிலில் கட்டிப் படுக்கவைத்து, தொட்டிலில் ஒரு கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைக் கால் பெருவிரலில் மாட்டியிருப்பாள். கை வியாபாரம் பார்க்கும். கால் குழந்தையைப் பார்க்கும்.

நட்டு கிடைத்தது. திரும்பி வந்து கடிகாரத்தைப் பார்த்தேன்.

இரண்டாயிரத்து அறுநூறு!

எனக்கு உடம்பு சிலிர்த்தது. விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது என்கிறார்களே, அன்றுதான் நம்பினேன்.

"புருல், இது சாயங்காலம் வரைக்கும் தொட்டில் மேல்கட்டையில இருக்கட்டுமா?"

"ஏன் பைக்கே? உங்களுக்காக என் பொண்ணு நடக்கணுமா?"

"அவ எங்கே நடக்கிறா? அவ தூங்குறா. ஆட்டுறது நீ. நீ எப்படியும் ஆட்டப்போற. அது யார் கணக்குல போனா என்ன?"

"சைரகுல் அக்காவுக்குத் தெரிஞ்சா?"

"நீ சொன்னாத்தானே தெரியும்?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று ஒன்பதாயிரம். மறுநாள் பதினோராயிரம். நான் முக்காலிக்குத் திரும்பினேன். சாயங்காலம் கடிகாரத்தை மாட்டிக்கொண்டு, வீட்டு வாசலில் நின்று நான்கு தடவை பலமாக மூச்சு வாங்கிவிட்டு உள்ளே போவேன்.

"களைப்பா இருக்கா?" என்பாள் சைரகுல்.

"பழகிடுச்சு," என்பேன்.

பத்தாம் நாள் அய்தனாவுக்குப் பல் முளைக்க ஆரம்பித்தது. நாள் முழுக்க அழுகை, நாள் முழுக்க ஆட்டம். அன்று இருபத்துமூன்றாயிரம்! சைரகுல் போனை நெடுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இந்த வயசுல இவ்வளவு நடப்பீங்கன்னு நான் நினைக்கவே இல்லைங்க."

நான் தாடியைத் தடவிக்கொண்டேன். அந்த இடத்தில் கொஞ்சம் பயந்திருக்க வேண்டும்.

கல்யாண நாள். அண்ணன் வீட்டு முற்றத்தில் பெரிய கூடாரம். அன்று தொட்டில் இல்லாததால் கடிகாரம் என் கையிலேயே இருந்தது. முதல் தட்டு வரும் இடத்தில், அண்ணனுக்கு வலப்பக்கம் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். கறி வேகும் வாசனை வந்தது. சித்தப்பாவை நினைத்துக்கொண்டேன்.

"டேய் ஜுமாதில், உடம்பு எப்படி இருக்கு?" என்றார் அண்ணன்.

வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் சைரகுல் திறந்துவிட்டாள்.

"அவருக்கென்ன பைக்கே! ஒரு நாளைக்கு இருபத்துமூணாயிரம் அடி நடக்கிறார். இருங்க, காட்டுறேன்."

போன் கூடாரம் முழுக்கக் கைமாறியது. கிழவர்கள் வியந்து சப்புக்கொட்டினார்கள். எனக்குப் பெருமையில் கழுத்து நீண்டது.

"இருபத்துமூணாயிரமா?" என்றார் அண்ணன். "என் பையன் அதுல பாதி நடக்கமாட்டான். நல்லதாப் போச்சு. பரிமாற வரவேண்டிய ரெண்டு பேர் வழியில வண்டி நின்னு மாட்டிக்கிட்டாங்க. நூத்தி எண்பது பேருக்குக் கை கழுவத் தண்ணி ஊத்தணும். எழுந்திருடா!"

"பைக்கே, அது சின்னப் பசங்க வேலை..."

"உனக்கென்ன, நீதான் சின்னப் பையனாயிட்டியே! இந்தக் காலை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க வெட்கமா இல்ல?"

இப்போது யோசித்துப் பாருங்கள். நடக்கவில்லை என்று உண்மையைச் சொன்னால் நான் நோயாளி. முட்டைக்கோஸ். சொல்லாவிட்டால் நான் இளைஞன். எழுந்தேன்.

ஒரு கையில் கெண்டி. மறுகையில் தாம்பாளம். தோளில் துண்டு. ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து, ஊற்றி, நிமிர்ந்து, நகர்ந்து. சாப்பாட்டுக்கு முன் ஒரு சுற்று. சாப்பாட்டுக்குப் பின் ஒரு சுற்று. நடுவில் தேநீர், ரொட்டி, மறுபடி தேநீர். கடைசி வரிசையில் குனிந்திருந்தபோது முதல் தட்டு வந்தது. அண்ணன் ஒரு இடுப்பெலும்பை எடுத்துக்கொண்டார். மற்றதைத் தூக்கிப்பிடித்துச் சுற்றிலும் பார்த்தார்.

"சைரகுலோட பொறந்த வீட்டு விருந்தாளி இருக்கும்போது வேற யாருக்குக் கொடுக்கிறது? குபாத், நீ பிடி."

குபாத் இரண்டு கையாலும் வாங்கினான். கடித்தான். பிறகு கொழுப்பு வழியும் கைகளை என் பக்கம் நீட்டினான்.

"அத்தான், கொஞ்சம் தண்ணி."

ஊற்றினேன். வெந்நீராக இல்லையே என்ற வருத்தம் மட்டும்தான்.

பரிமாறியவர்களுக்குக் கடைசியில் ஒரு தட்டு வைத்தார்கள். அதில் இருந்தது என்ன எலும்பு என்று எனக்கு இதுவரை தெரியாது. ஆட்டுக்கே தெரிந்திருக்காது.

திரும்பும் வழியில் காரில் காலை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. சைரகுல் போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இன்னைக்கு பதிமூணாயிரம். பரவாயில்லைங்க. முதல் தடவையா நாள் முழுக்க 'நடை'ன்னு வந்திருக்கு."

"முதல் தடவையா? அப்போ இவ்வளவு நாளா?"

"இவ்வளவு நாளா 'படகு வலித்தல்'னு வந்துச்சு. நானும் முதல் நாளே யோசிச்சேன், உங்க சந்தையில ஆறு எங்கே ஓடுதுன்னு. புருலைக் கூப்பிட்டுக் கேட்டேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நாளையிலிருந்து நானும் உங்ககூட நடந்தே சந்தைக்கு வர்றேன்," என்றாள். "உங்க முக்காலியை புருலுக்குக் கொடுத்தாச்சு."