மணல் தீரும் முன்னே

அன்புள்ள அத்தைக்கு,

மருமகளின் வணக்கம். நாத்தனாரின் கால்கட்டைப் பிரித்தாயிற்றா, ஊன்றி நடக்கிறாரா? இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கண் ஒத்துழைக்கவில்லை.

நீங்கள் மாமாவை என்னிடம் விட்டுப் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. குழந்தை எத்தனை நிமிஷம் குடித்தாள், எத்தனை நிமிஷம் தூங்கினாள் என்று செல்போனைப் பார்த்துப் பார்த்துக் குறித்துவைத்து அழுகிறேனாம். அதனால் மாமா செல்போனைப் பீரோவில் பூட்டி, சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியையும் பிடுங்கிவிட்டார். ஓய்வுபெற்ற அன்று கப்பல்காரர்கள் கொடுத்தார்களே அரைமணி நேர மணல் கடிகாரமும் பித்தளை மணியும், இரண்டும் இப்போது ஹாலில். "இனிமே இந்த வீட்ல பழைய கப்பல் நேரம்தாம்மா. நாலு மணி நேரம் நான் முழிச்சிருப்பேன், நாலு மணி நேரம் நீ." மணல் இறங்கியதும் திருப்பி வைத்து மணி அடிக்க வேண்டும். முதல் அரைமணிக்கு ஒரு அடி, அடுத்ததற்கு இரண்டு, எட்டு அடி விழுந்தால் காவல் மாறும். முதல் நாள் நாலு அடி கேட்டு, விடியப் போகிறதென்று எழுந்து குளித்துவிட்டேன் அத்தை. ராத்திரி பத்து மணியாம் அது! மணிச்சத்தத்தில் குழந்தை அலற, இப்போது மணியின் நாக்குக்கு அவளுடைய சாக்ஸை மாட்டியிருக்கிறோம். "காவலை ஏத்துக்கிட்டேன்"னு மாமா வாயால சொல்ற வரைக்கும் நான் பாத்ரூம்கூடப் போகக் கூடாதாம். உங்க பிள்ளை வெளியூர்லேர்ந்து லேண்ட்லைன்ல கூப்பிட்டா, "காத்து சாதகம், ஒரு தடவை ஈரம்"னு தகவல் சொல்லிட்டு வச்சிடறார்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அந்தக் காலத்து மாலுமிகள் தூக்கம் தாங்காமல் மணல் தீரும் முன்னே திருப்பிவிடுவார்களாம், மாட்டினால் உதையாம். மாமாதான் சொன்னார். அன்றிலிருந்து என் காவலில் ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிஷ மணலை மிச்சம் விட்டுத் திருப்பிவிடுகிறேன். ஆனால் காலையில் மாமா எட்டு அடி அடிக்கவும் ஆலைச் சங்கு எட்டு மணிக்கு ஊதவும் சரியாக இருக்கிறது. நான் திருடிய நேரம் எங்கேதான் போகிறதோ, புரியவில்லை.

இனி முடியாது அத்தை. இந்தக் கடிதம் கண்டதும் கிளம்பி வந்து மாமாவைப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். வரும்போது கடிகாரத்துக்கு ஒரு பேட்டரியும் வாங்கி வாருங்கள்.

உங்கள் ஆசியை வேண்டும், தூங்காத
மருமகள்

பி.கு.: கவரை ஒட்டப் பசை எடுக்க ஹாலுக்குப் போனேன். மணல் முழுக்க இறங்கிக் கிடந்தது. மாமா குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு அதையே பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்.

"மாமா, மணல்..."

"தெரியும்மா. எட்டு தடவை, நீ மிச்சம் விட்டது அஞ்சஞ்சு நிமிஷம், அதனால அடுத்ததுல குறையறது அஞ்சஞ்சு, மொத்தம் எண்பது. நீ எடுத்ததை நான்தானே ஈடு கட்டணும்? இன்னும் முப்பது இருக்கு. போய்ப் படு."

நாத்தனாருக்குக் கால் நன்றாகவே குணமாகட்டும், நீங்கள் நிதானமாக வாருங்கள். பேட்டரி வேண்டாம்.