இரண்டு பேர் லைசென்ஸ்

ஒரு ஆள் உட்காரும் இடத்தில் மூன்று ஆளை உட்காரவைத்து, நாலாவது ஆளிடம் "கொஞ்சம் நவுந்து உக்காருபா" என்கிற இனம் ஒன்று உண்டு, வாசகரே. அந்த இனம் இப்போது கம்ப்யூட்டரும் கற்றுக்கொண்டுவிட்டது. சந்தேகமிருந்தால் தவளக்குப்பம் உரக்கடை ஆதிமூலத்தைப் பாருங்கள்.

அவருக்குச் செலியமேட்டிலும் பண்டசோழநல்லூரிலும் கிளைகள் உண்டு. மூன்று கடைக்கும் பில் போட ஒரு மென்பொருள் வாங்கினார். சர்வர் ஒன்று, லைசென்ஸ் இரண்டு; ஒரே சமயத்தில் இரண்டு பேர்தான் உள்ளே நுழையலாம்.

"மூணு கடைக்கு மூணு லைசென்ஸ் வேணும் சார்" என்றாள் கம்பெனிப் பெண் சரண்யா.

"இன்னாமா நீ! மூணு பேரும் ஒரே நேரத்துலயா தும்முறாங்க?"

அன்றிலிருந்து வியாபாரம் தொண்டையால் நடந்தது. "ஸ்டெல்லா, வெளிய வா! புகழேந்தி உள்ள போவணும்!" என்று அவர் ஃபோனில் கத்துவதைக் கேட்டவர்கள், மூன்று ஊருக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

சம்பாவுக்கு யூரியா போடும் நேரம். வானம் திடீரென்று கருத்தது. மழைக்கு முன் மூட்டையை வூடு சேர்க்க வேண்டுமென்று செலியமேட்டில் ஒரே நெரிசல். அங்கே பில் போடும் புகழேந்தியின் திரையோ, 'இடமில்லை' என்றது. ஆதிமூலம் தவளக்குப்பம் ஸ்டெல்லாவை வெளியேற்றினார். இடமில்லை. பண்டசோழநல்லூரையும் வெளியேற்றினார். அப்போதும் இடமில்லை!

"திருட்டுப் பய எவனோ உள்ள பூந்துட்டான்மா!" என்று சரண்யாவிடம் அலறினார்.

"ரெண்டு பேர் இருக்காங்க சார். ரெண்டு பேரும் ஆதிமூலம்தான். ஒண்ணு உங்க ஃபோன், இன்னொண்ணு வூட்டு லேப்டாப்."

கடை ஆட்கள் சரியாக பில் போடுகிறார்களா என்று வேவு பார்க்க அவர் காலையிலேயே திறந்துவைத்த இரண்டும், ஒவ்வொருவர் வெளியே வந்ததும் அந்த இடத்தில் புகுந்துகொண்டன.

"மொதலாளியக்கூடவாமா ஆள்னு எண்ணுவீங்க?"

அதற்குள் மழை கொட்டிவிட்டது. கூட்டம் எதிர்க்கடைக்கு ஓடி, கையால் எழுதிய பில்லோடு மூட்டை தூக்கிப் போனது. ஆதிமூலம் மூன்றாவது லைசென்ஸ் வாங்கினாரா? அதெப்படி வாங்குவார்? மற்ற இரண்டு கடையும் பில் போடும்போது சாப்பிடட்டும் என்று பண்டசோழநல்லூரில் சாப்பாட்டு நேரத்தை மாற்றிவிட்டார்.

சிரிக்கிறீர்களே, ஒன்று கேட்கிறேன். தினமும் ஓடிடியில் படம் பார்க்கிறீர்களே, அந்தக் கணக்கு உங்கள் மச்சான் பெயரில்தானே இருக்கிறது?