பனிச்சறுக்குக்குப் போன ஆமை

காலை ஒன்பதரை மணிக்கு, முப்பத்தெட்டுப் பெற்றோர் முன்னால், தலைமையாசிரியை தவளாம்பாள் ஒற்றைக் காலில் நின்று பேசினார். ஒரு காட்டில் நடந்த பெற்றோர் கூட்டம் இது. மழையே எப்போதாவது எட்டிப்பார்க்கும் முள்ளுக்காடு. தவளாம்பாள் ஒரு கொக்கு.

“இந்த வருஷக் கல்விச் சுற்றுலா, பனிச்சறுக்கு” என்றார்.

பன்றி அப்பா எழுந்தார். “ஏன் மேடம், சறுக்கினா கணக்கு வருமா?”

“கோணம் வரும், புவியீர்ப்பு வரும். தலைமைப் பண்பு தானா வரும்.”

“விழுந்தா?”

“தோல்வியைத் தாங்கும் மனம் வரும்.”

“எலும்பு முறிஞ்சா?”

“அது உயிரியல்.”

எல்லோரும் கைதட்டினார்கள். கூர்மாவதி என்ற ஆமை மட்டும் தட்டவில்லை.

“மேடம், எங்க நிதானனுக்கு மார்கழியிலேயே வெயில் ஏறினாத்தான் கழுத்து வெளியே வரும். பனியில விறைச்சுப் போயிடுவான். அவன் வராம இருக்கலாமா?”

“தாராளமா, அம்மா. கட்டாயமே இல்லை. வராத பிள்ளைங்க அடுத்த வருஷம் ‘ஈ’ பிரிவுல உட்காருவாங்க.”

‘ஈ’ பிரிவுக்கு ஆசிரியர் கிடையாது. அங்கே போன பிள்ளை படித்ததாகக் காட்டில் யாரும் கேள்விப்பட்டதில்லை. கூர்மாவதி மகனை இலவம்பஞ்சில் சுற்றி அனுப்பிவைத்தாள்.

பனிமலையில் போய் இறங்கிய பிறகுதான் சறுக்குப் பலகைகள் வரவில்லை என்பது தெரிந்தது. போகிற இடத்தில் சாப்பாடு சரியிருக்காது என்பது காட்டின் உறுதியான நம்பிக்கை. அதனால் பலகைகளை இறக்கிவிட்டுப் புளியோதரை அண்டாக்களை ஏற்றியிருந்தார்கள். நிதானனோ பேருந்திலேயே விறைத்துவிட்டான்.

உடற்பயிற்சி ஆசிரியரான குரங்கு அவனைத் தட்டிப் பார்த்தார். தடவிப் பார்த்தார்.

“மேடம், முதுகு நல்லா வழவழன்னு இருக்கு.”

“மாஸ்டர், பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே?”

“தூங்குறான் மேடம்.”

“அப்போ தொந்தரவு பண்ணாம சறுக்குங்க.”

அவனை மல்லாத்தி, வயிற்றின்மேல் ஏறி, முயல் சறுக்கியது. மான் சறுக்கியது. பன்றிக்குட்டி இரண்டு முறை சறுக்கியது. கடைசியில் தவளாம்பாளும் சறுக்கி, விளம்பரத் தட்டிக்குப் படம் எடுத்துக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் கூர்மாவதி மகனை வெயிலில் கிடத்தினாள். ஓடெல்லாம் கீறல். “நிதானா, டேய் நிதானா” என்று தட்டித் தட்டி அழுதாள். உச்சிவேளையில் கழுத்து மெல்ல வெளியே வந்தது.

“அம்மா, பஸ் கிளம்பிடுச்சா?”

அந்தக் கணமே அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவது என்று கிளம்பினாள். பள்ளி வாசலிலேயே தவளாம்பாள் ஒரு கோப்பையை நீட்டினார். ‘சிறந்த குழு உணர்வு: நிதானன்.’

“எல்லாரையும் தாங்கினது உங்க பிள்ளைதான், அம்மா. ‘அ’ பிரிவுல போட்டிருக்கோம்.”

கூர்மாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று மாலை மகனின் கீறல்களுக்கு எண்ணெய் தடவி, பளபளவென்று ஆக்கி, அண்டைவீட்டு உடும்பிடம் காட்டினாள். “என் பிள்ளை இல்லேன்னா ஒருத்தரும் சறுக்கியிருக்க முடியாது, தெரியுமா?”

மறு ஆண்டு மே ஆறாம் தேதி பள்ளியின் சேர்க்கை அறிவிப்பு வெளியானது. ஆமைக் குழந்தைகளுக்கு முன்னுரிமை என்று அதில் இருந்தது.

நீதி: ஒரு பிள்ளை மல்லாந்து கிடந்தால், வகுப்பு முழுவதும் கல்வியில் வேகமாகச் செல்லலாம்.