கறைகாலன் வெண்டலும் திக்கிய துப்பாக்கியும்

வாழ்க வெண்டல் க்ரூகர்! சீமைக்கருவேலங்காடு சூழ்ந்த நடு டெக்சாஸின் ஒப்பற்ற கம்பள வணிகனே, காப்பிக்கறை, நாய்க்கறை, நகப்பூச்சுக்கறை என்னும் முப்படையையும் முப்பதாண்டுகள் எதிர்நின்று கருவறுத்த கறைகாலனே, காட்டுப்பன்றிக் குலத்துக்குக் கூற்றுவனாகப் போகிறவனே (இதுவரை ஒரு பன்றிக்கும் உன்னால் தீங்கு நேர்ந்ததில்லை, அது பன்றிகள் செய்த நல்வினை), உன் புகழ் பாடப் புகுந்தோம். எங்கள் நா திக்காதிருக்க அருள்வாயாக. திக்குவதற்கு உன் துப்பாக்கி ஒன்றே போதும்.

வசந்தம் பிறந்தால் மைத்துனன் டெல்பர்ட்டின் பண்ணையில் பன்றிவேட்டைப் பாசறை கூடுவது அவ்வூர் வழக்கம். அப்பாசறைக்கு ஒரே சட்டம்தான். வேட்டைக்கு முந்தைய சனிக்கிழமை, துப்பாக்கிச் சங்கத்துத் திடலில், நண்பகலுக்குள், ஒரு மேகசின் நிறைய முப்பது தோட்டாக்களை நடுவில் ஒருமுறையும் நில்லாமல் சுட்டுக்காட்ட வேண்டும். காட்டியவன் வேட்டுவன். காட்டாதவன், அன்றைய மதிய விருந்தில் தொடங்கிப் பாசறை கலையும்வரை, மாட்டுக்கொழுப்பு உறைந்த வாணலிகளைத் தேய்ப்பவன். கடந்த இரண்டு வசந்தங்களிலும் தன் கிழட்டுத் துப்பாக்கியின் கைங்கரியத்தால் அவ்வாணலிகளோடு மற்போர் புரிந்தவன் எவன் என்று சொல்லவும் வேண்டுமோ! ‘சோப்பு வெண்டல்’ என்னும் விருதுப்பெயர் பாசறை கடந்து, முடிதிருத்தகம் கடந்து, ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயத்தின் கடைசி வரிசைவரை பரவியிருந்தது.

அப்பழி துடைக்கவன்றோ இவ்வசந்தத்தில், அச்சனிக்கிழமைக்கு முன்பே, அவன் புத்தம்புதிய அரைத்தானியங்கித் துப்பாக்கியொன்றை வாங்கினான்! விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு பாயும். காலிக்கூட்டைத் தானே வெளியே துப்பும். அடுத்த தோட்டாவைத் தானே உள்ளிழுத்துக்கொள்ளும். கார்முகில் நிறத்தாள், கரடுமுரடில்லா மேனியாள், பெட்டியைத் திறந்த கணமே தொழிற்சாலை எண்ணெய் மணம் கமழ நின்றாள். எண்ணெய்! கறைகளுக்கெல்லாம் அரசனாகிய எண்ணெய்! நாசி விரிந்தது, புருவம் நெரிந்தது நம் நாயகனுக்கு. வரவேற்பறையின் தந்தநிறக் கம்பளத்தின்மேல், ஒரு சொட்டு விழுந்தாலும் வீட்டில் சோறில்லை என்று மனைவி நோரின் இடுப்பில் கைவைத்து நிற்க, துப்பாக்கியின் அங்கங்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்து, தன் கடையின் புகழ்பெற்ற கறைநீக்கியைத் தாராளமாய்த் தெளித்து, துடைத்து, மீண்டும் துடைத்து, பிறந்த குழந்தையைத் துவட்டும் தாயினும் பரிவாய்த் துவட்டி எடுத்தான். அங்கே ஒரு பசைக்கும் உயிர் மிஞ்சவில்லை.

சனிக்கிழமை புலர்ந்தது. தந்தநிறச் சட்டையணிந்து, தோளில் துப்பாக்கியும் பையில் கறைநீக்கிக் குப்பியுமாய், பிக்கப் வண்டியிலிருந்து கறைகாலன் இறங்கிய காட்சி, ஐராவதத்திலிருந்து இந்திரன் இறங்கியதை ஒத்திருந்தது. இந்திரனுக்கு முழங்கால் வலி இருந்திருக்குமாயின்.

“மச்சான், இந்த வருஷம் சோப்புக்கு வேற ஆளப் பாத்துக்க!” என்று திடல் அதிர முழங்கினான்.

“பாக்கலாம் மாப்ளே. போன தடவ வாங்கின கையுறைய எதுக்கும் பத்திரமா வச்சிருக்கேன்” என்றான் டெல்பர்ட், வாயில் பல்குச்சியோடு.

திடலின் தலைவி ஆர்லீன் அம்மையார் சிவப்புத் தொப்பியைச் சரிசெய்து ஆணையிட, காதடைப்பான்கள் ஏற, முதல் குண்டு முழங்கிற்று. மலை அதிர்ந்தது! இரண்டாம் குண்டும் முழங்கிற்று. மூன்றாவதற்கு விசையை இழுத்தான்; ‘டிக்’ என்றொரு சிற்றொலி, சமையலறையில் பல்லி சொல்வதைப்போல. குனிந்து பார்த்தால், வெளியே பறந்திருக்க வேண்டிய காலிக்கூடு வாசற்படியில் கால் இடறிய விருந்தாளியாய் இடுக்கில் சிக்கி நெட்டுக்குத்தலாய் நின்றது.

அதை நீக்கிச் சுட்டான். ஒன்று போயிற்று, மறுபடி டிக். அதையும் நீக்கினான், மறுபடி டிக்.

உடனே கூடிற்று மந்திராலோசனை சபை. புதுத் துப்பாக்கி திக்குகிறது என்ற செய்தி டெக்சாஸ் ஆண்மக்களின் செவியில் விழுந்தால், பந்தியில் இனிப்பு வந்தது கேட்டதுபோல் எழுந்து வருவார்களே! மேகசினை மாற்று என்றார் ஒருவர், மாற்றினான், டிக். மலிவுத் தோட்டா ஆகாது, விலைகூடியதைப் போடு என்றார் இன்னொருவர். போட்டான், விலைகூடிய டிக். புதுசென்றால் முதல் சில நூறு குண்டுவரை முரண்டு பிடிக்கத்தான் செய்யும், பழகட்டும் என்றார் மூன்றாமவர், நண்பகலோ நெருங்கிக்கொண்டிருந்தது. பின்கட்டையின் சுருள்வில் சரியில்லை, என்னிடம் புதிது இருக்கிறது என்று வேறொருவர் கையில் திணிக்க, ஆர்லீன் தோட்டாக்களை இறக்கச்செய்து மேசையைக் காட்டினாள். வெண்டல் பழைய வில்லைத் தளர்த்தினான். தளர்ந்ததோ! சிறைமீண்ட சிங்கமென, நாண்விட்ட பாணமென, விண்ணேறி வளைந்து, பார்த்தோர் கண்கூசப் பளபளத்து, விருந்துமேசையின் உருளைக்கிழங்கு சாலட்டுக்குள் அது ‘சதக்’கென்று பாய்ந்து மறைந்தது.

“யாருக்கும் இப்ப சாலட் வேண்டாம்ல?” என்றாள் ஆர்லீன்.

புதுச் சுருள்வில்லையும், எதற்கும் இருக்கட்டுமென்று கறைநீக்கியால் இருமுறை குளிப்பாட்டி மாட்டினான். மீண்டும் களம் புகுந்தான். டிக்.

அப்போது சபையில் எவரோ, “உள்ள அழுக்கா இருக்குமோ?” என்று வாய்தவறிக் கேட்டுவிட்டார். அந்தோ, அச்சொல்! வால் மிதிபட்ட நாகம்போல் கிளர்ந்தான் கறைகாலன். எதைச் சொன்னாலும் பொறுப்பான், அழுக்கென்று சொல்வதா! தோட்டாக்களை இறக்கி, தோட்டாவை உள்தள்ளி அடைக்கும் இரும்புத் துண்டாகிய போல்ட்டை உருவி வெளியே எடுத்தான்.

“எங்கிட்டயா அழுக்குன்னு சொல்றீங்க? எல்லாரும் நல்லா கண்ணத் தொறந்து பாருங்க!” என்று பிரகடனம் செய்து, பாற்கடல்வெண்மைக் கைக்குட்டையால் போல்ட்டை மேலிருந்து கீழ்வரை அழுந்தத் துடைத்து, வெற்றிக்கொடியாய்த் தலைக்குமேல் உயர்த்திக்காட்டினான். கைக்குட்டை போனபடியே வெள்ளைவெளேரென்று வந்திருந்தது. ஒரு பொட்டுக் கருமையில்லை. ஒரு துளி ஈரமில்லை.

ஒவ்வொரு முகத்திலும் மெல்ல மெல்ல ஒன்று விடிந்தது. கடைசியாக, கையை உயர்த்தி நின்றவன் முகத்திலும் விடிந்தது.

“மாப்ளே,” என்றான் டெல்பர்ட் மிகமிக மென்மையாக, “நீ இதச் சுட வாங்கினியா, கடையில விரிச்சு வைக்க வாங்கினியா? எண்ண இல்லாம எந்த இரும்புடா ஓடும்?”

கறைகாலன் கைக்குட்டையைக் கீழே இறக்கினான். “முப்பது வருஷமா எந்தக் கம்பளத்துலயும் கறைய முழுசா எடுத்ததே இல்ல மச்சான்,” என்றான். “பாதிய எடுத்துட்டு மேல சோபாவப் போடச் சொல்லிருவேன். வாழ்க்கையில முழுசா எடுத்தது இது ஒண்ணுதான்.”

சிரிப்பில் ஒருவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். ஆர்லீன் கடிகாரத்தைத் தட்டிக்காட்டினாள். துப்பாக்கி எண்ணெய் எவர் பையிலும் இல்லாமலில்லை. ஆனால் டெல்பர்ட் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. தன் பிக்கப் வண்டியின் முகப்பைத் தூக்கி, இன்ஜின் ஆயில் பார்க்கும் கம்பியை உருவி, கரிய அமுதம் சொட்டச்சொட்ட ஓடிவந்தான். நஞ்சுண்டவன் கண்டத்தில் நஞ்சு இறங்கியபோது உலகம் கலங்கியதுபோல், ஒவ்வொரு சொட்டும் போல்ட்டில் விழ விழ நம் நாயகன் முகம் சுளித்தான், விழி பொத்தினான், விரலிடுக்கு வழியே பார்த்தான்.

பின்னர் போல்ட்டை மாட்டி, முப்பது தோட்டாக்களையும் நிரப்பி, விசை இழுத்தான்.

ஆகா! எழுந்தது பேரிடி! ஒன்றன்பின் ஒன்றாய், முரண்டில்லாமல், திக்கில்லாமல், காலிக்கூடுகள் பொன்மாரியெனப் பொழிய, கரிய எண்ணெய்ச் சாரல் பாதுகாப்புக் கண்ணாடியில் தெறித்துக் கன்னத்தில் வழிந்து தந்தநிறச் சட்டையில் காட்டுப்பூக்களாய் மலர, கடைசித் தோட்டாவும் ஓசையெழப் பாய்ந்தொழிந்தது. நண்பகலுக்கு மூச்சுவிடும் நேரமே மிஞ்சியிருந்தது. அம்முப்பது குண்டுகளில் குறிப்பலகையைத் தொட்டவை எத்தனை என்று கேட்பது அநாகரிகம். சட்டம் அதைக் கேட்கவில்லை. ஆர்லீன் அம்மையார் கையுயர்த்தி, “க்ரூகர் வேட்டைக்காரன்!” என்று பிரகடனம் செய்தாள். மச்சான் மாப்பிள்ளையைத் தழுவினான். சோப்பு வெண்டல் என்னும் பெயர் அக்கணமே மாண்டது. பன்றிக்குலம் தொலைவில் எங்கோ, இதொன்றும் அறியாமல், சேற்றில் புரண்டது.

விருந்து நடந்தது, சாலட்டைத் தவிர அனைத்தும் தீர்ந்தது. அப்போதுதான் டெல்பர்ட் வாணலிக் குவியலைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

“ஆமா, இந்தத் தடவ எல்லாருமே பாஸாயிட்டோமே. அப்ப இத யாரு கழுவுறது?”

வேட்டுவர் அனைவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பார்த்தனர். வெளுத்த சட்டைகள், மடிப்புக் கலையாத சட்டைகள், ஞாயிற்றுக்கிழமைக்கும் உதவக்கூடிய சட்டைகள்.

வெண்டல் சட்டைதான் ஏற்கெனவே அழுக்காக இருந்ததால் அவனே கழுவினான்.