என் ஓட்டு மேசனுக்கு

என் மகளைப் பற்றி யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் எனக்கு உடம்பெல்லாம் கூசும். அந்த நல்ல வார்த்தையை அங்கேயே அடித்துக் கீழே தள்ளினால்தான் மூச்சு வரும். கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் வளர்ந்த எங்களில் பலருக்கு இது பிறவிக் குணம். "உங்க பையன் டாக்டராமுங்களே?" என்று கேட்டால், "அட, என்னமோ ஊசி போட்டுட்டுத் திரியறானுங்க" என்பார் என் பெரியப்பா. (மகன் இருதய அறுவை சிகிச்சை நிபுணர்.) கேட்டவர் விடமாட்டார். "சும்மா சொல்லாதீங்க, தங்கமான பையனுங்க" என்பார். பெரியப்பா மறுபடி மறுப்பார், அவர் மறுபடி புகழ்வார். கடைசியில் பெருமை சேர வேண்டிய இடத்தில் பத்திரமாகச் சேர்ந்துவிடும். இந்த ஆட்டத்துக்கு எதிரில் இன்னொரு கோபிக்காரர் வேண்டும் என்பது, டெக்சாஸில் இர்விங்குக்குக் குடிவந்து இத்தனை வருடம் ஆகியும் எனக்கு உறைக்கவில்லை.

யாழினிக்கு அப்போது பதினோரு வயது. ஊர்ப் பிள்ளைகளுக்கான பேஸ்பால் லீக்கில் ஷார்ட்ஸ்டாப். அதாவது இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நின்று, அந்தப் பக்கம் சீறிவரும் பந்தையெல்லாம் மறிக்கிற இடம். பையன்கள் கூட்டத்தில் இரண்டு மூன்று பெண்பிள்ளைகள்தான் இருந்தார்கள். அதில் இவள் ஒருத்தி. நான் அந்த அணிக்கு உதவி கோச். (உதவி என்றால் தண்ணீர் கேனைத் தூக்குவது, மட்டைகளைப் பொறுக்கி வைப்பது, அழுகிற பிள்ளைக்குத் திராட்சை கொடுப்பது. கிரிக்கெட் தெரியும் என்று ஒருமுறை வாயை விட்டதற்குக் கிடைத்த பதவி.)

சீசன் முடிந்ததும் எல்லா அணிகளிலிருந்தும் நல்ல ஆட்டக்காரர்களைப் பொறுக்கி ஓர் ஆல்-ஸ்டார் அணி போடுவார்கள். அது கோடை முழுக்கப் பக்கத்து ஊர்களோடு மோதும். யாழினிக்கு அந்த வருடம் வேறு நினைப்பே இல்லை. கையுறையைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். அணிக்கு ஓர் ஓட்டு என்று கோச்சுகள் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். எங்கள் தலைமை கோச் டேவ், தங்கை கல்யாணத்துக்கு வெளியூர் போய்விட்டார். தண்ணீர் கேனோடு அந்த ஓட்டும் என் தலையில் விழுந்தது.

கிளம்பும்போது யாழினி கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, ஜஸ்ட் டெல் தெம் ஹவ் ஐ ப்ளேய்ட். தட்ஸ் இட். ஓகே?"

"அப்பா பாத்துக்கறேன் கண்ணு. நீ போயிச் சாப்புடு."

என் மனைவி கவிதா வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள். "ஏனுங்க, அங்க போயிச் சும்மா சிரிச்சுட்டு உக்காந்துராதீங்க. வாயத் தொறந்து பேசோணும்."

வாயைத் திறந்து பேசினேன். வினையே அங்கேதான்.

பீட்சா கடை ஒன்றின் பின்னறையில் கூட்டம். பாதி இடங்கள் சண்டையில்லாமல் நிரம்பின. அப்புறம் சூடு பிடித்தது. ஒருவர் தன் அணிக்குப் பந்து எறிகிற பிட்சரின் வலதுகை இந்த ஊருக்கே வரம் என்றார். (அந்த வரத்தை எங்கள் அணிப் பிள்ளைகள் முதுகில் வாங்கியிருக்கிறார்கள்.) பிறகு இன்னோர் அணியின் கோச் பிராட் எழுந்தார். நிலைக்கதவு அகலத்துக்கு ஆள். தன் சொந்த மகன் மேசனைப் பற்றி, "இப்படி ஓர் ஆட்டக்காரனை நான் பார்த்ததே இல்லை" என்று கண் கலங்கப் பேசினார். பெற்ற அப்பா, கூசாமல்! எனக்குக் காது சிவந்துவிட்டது. போன சனிக்கிழமை, உயரே வந்த பந்தைப் பிடிக்க வேண்டிய நேரத்தில் அந்த மேசன் ஏர்போர்ட்டுக்கு இறங்கிய விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததற்கு நானே சாட்சி.

லிண்டா என்ற கோச் என் பக்கம் திரும்பினார். "உங்கள் ஷார்ட்ஸ்டாப்பைப் பற்றிச் சொல்லுங்கள். உங்கள் மகள்தானே? பிரமாதமாக ஆடுகிறாளே!"

நல்ல வார்த்தை! அடித்துத் தள்ளினேன்.

"நோ, நோ. நத்திங் லைக் தட். ஷீ இஸ் ஜஸ்ட் ஓகே."

சொல்லிவிட்டு, "சும்மா சொல்லாதீங்க" என்று யாராவது ஆரம்பிப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் ஆரம்பிக்கவில்லை. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். சரி, நான் போதிய அளவு தாழ்த்தவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் தாழ்த்தினேன். பந்துதான் எப்படியோ அவள் கைக்கு வந்துவிடுகிறது என்றேன். எல்லாம் டேவ் செய்த புண்ணியம் என்றேன். வீட்டில் சொன்ன பேச்சே கேட்பதில்லை என்றேன். பிராட் முகத்தைப் பார்த்ததும் மரியாதை பொங்கி, "மேசனுக்கு முன்னால் இவளெல்லாம் எம்மாத்திரம்" என்றும் சொல்லிவைத்தேன்.

மூலையில் இருந்த பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "இத்தனை வருடத்தில் இவ்வளவு நேர்மையான அப்பாவை நான் பார்த்ததில்லை" என்றார். கைதட்டினார்கள். நான் நெஞ்சில் கைவைத்து நன்றி வேறு சொன்னேன்.

கடைசி இடம் ஒன்றுதான் பாக்கி. யாழினியா, மேசனா? லிண்டா விடவில்லை. "அவளைத் தாண்டி ஒரு பந்து போய் நான் பார்த்ததில்லை" என்று மேசையைத் தட்டினார். "ஆனால் அவள் அப்பாவே சொல்கிறாரே!" என்றார் பெரியவர். அப்போதுதான் எனக்கு விபரீதம் புரிந்தது. அவசரமாக எழுந்து, "எங்கள் ஊரில் ஜஸ்ட் ஓகே என்றால் ரொம்ப நன்றாக ஆடுகிறாள் என்று அர்த்தம்" என்றேன். பிராட் என் தோளில் கைவைத்து, "அப்பா மனசு. புரிகிறது" என்றார்.

ஓட்டு எடுத்தார்கள். சரிபாதி. மிச்சம் என்னுடையது.

பிராட் என் பக்கத்து நாற்காலி. நான் கறி சாப்பிட மாட்டேன் என்று தெரிந்ததும் எனக்கென்று தனியாக ஒரு சீஸ் பீட்சா வாங்கி வைத்திருந்தார். அந்தத் துண்டு என் வாயில் இருக்கும்போதே என்னைப் பார்த்தார். நீங்களே சொல்லுங்கள், அந்த மனிதர் முகத்துக்கு நேரே, என் மகளுக்கு நானே எப்படிக் கை தூக்குவது? கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டாரைத் தள்ளிவிட்டு முதல் இலையில் உட்காருவதுபோல் இல்லையா?

என் கை மேசனுக்கு உயர்ந்தது.

வீட்டில் தாயும் மகளும் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்கள்.

"என்னாச்சுங்க?"

"ஒரே ஒரு ஓட்டுல போயிருச்சு."

"அடப்பாவமே. எந்தப் புண்ணியவான் ஓட்டுங்க அது?"

நான் ஷூவைக் கழற்றுவதில் மும்முரமானேன்.

"ஏனுங்க. யாரு ஓட்டுங்க?"

"நம்முளுதுதான்."

கவிதா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "டெபாசிட் போற ஆளுகூடத் தன் ஓட்டத் தனக்குப் போட்டுக்குவானுங்க" என்றாள்.

"யூ வோட்டட் ஃபார் மேசன்?" என்றாள் யாழினி. "அப்பா, ஹீ வாட்சஸ் ஏரோப்ளேன்ஸ்!"

அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். படாரென்று சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மெதுவாகச் சாத்தினாள். அந்தக் கோடை முழுக்கக் கராஜ் கதவில் பந்தை எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே உட்கார்ந்திருந்த என் மேல்தான் ஒவ்வொன்றும் விழுந்தது.

மறு வருடம் கூட்டத்துக்கு டேவோடு கவிதா போனாள். மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அவளுக்குத் தெரியாது. எழுந்து நின்று, "இவளை எடுக்கலைன்னா நஷ்டம் உங்களுக்குத்தான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாளாம். யாழினி தேர்வானாள். பிராட்கூட அவளுக்குத்தான் கை தூக்கினாராம்.

முதல் ஆட்டத்துக்கு நானும் பிராட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். யாழினி பாய்ந்து ஒரு பந்தைப் பிடித்து, விழுந்தபடியே முதல் பேஸுக்கு எறிந்தாள். கூட்டம் எழுந்து நின்றது. "உன் மகள் அபாரம்!" என்று பிராட் என்னை உலுக்கினார். எனக்கு உடம்பு கூச ஆரம்பித்தது. பின்வரிசையிலிருந்து கவிதாவின் முழங்கால் என் முதுகெலும்பைத் தொட்டது. வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, என் வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்னேன்:

"யெஸ். ஷீ இஸ் வெரி, வெரி குட்."

அடுத்த பந்து தவழ்ந்து வந்தது. பால்குடி மாறாத குழந்தைகூடப் பிடித்துவிடும். அது யாழினியின் இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து நிதானமாகப் போய்க்கொண்டே இருந்தது.

"வெச்சீங்களா கண்ணு!" என்றாள் கவிதா. "பெத்தவங்க கண்ணுதாங்க பொல்லாதது. அதுக்குன்னு ரெண்டு வெரியா போடுவீங்க?"

யாழினி பந்தைப் பார்க்கவில்லை. நேராகத் திரும்பி, மொத்தக் கூட்டத்திலும் என்னைத் தேடிப்பிடித்து முறைத்தாள்.

இப்போது அவள் ஹைஸ்கூல். வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் சரி, ஃப்ரீவேயில் டயர் பஞ்சரானாலும் சரி, தாயும் மகளும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்புவார்கள்.

"அப்பா," என்பாள் யாழினி, "வாட் டிட் யூ சே திஸ் டைம்?"